சம்பந்தி பூசாத பக்கம்

சம்பந்தி வீட்டுப் பட்டறை மேஜைக்கு அடியில் நான் மல்லாந்து படுத்திருந்தேன்.

அறுபதைத் தாண்டியவன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, விருந்துக்குப் போன இடத்தில் தரையில் படுப்பதென்றால் ஒரு காரணம் வேண்டும் இல்லையா? பேனா உருண்டுவிட்டது என்று சொல்லியிருந்தேன். பேனா தானாக உருளவில்லை. நான்தான் உருட்டிவிட்டேன்.

"கிடைச்சுதா சம்பந்தி? டார்ச் எடுத்துட்டு வரட்டுமா?" என்று மேலேயிருந்து சம்பந்தி தணிகாசலத்தின் குரல் வந்தது. அவருடைய பாதங்கள் என் காதுக்குப் பக்கத்தில் நின்றன.

"வேணாம், வேணாம். கைக்கு எட்டிடுச்சு" என்றேன் அவசரமாக.

எட்டியது பேனா மட்டுமில்லை. அந்த மேஜையின் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. நாலு ஓரமும் விரல் வைத்தால் வழுக்கியது. குறை சொல்ல ஒரு இடம் கிடைக்காதா என்று அரை மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தோற்றுப் போயிருந்தேன். படுத்தபோதுதான் கிடைத்தது. அடிப்பக்கம் முழுவதும் கடையிலிருந்து வந்தபடியே, பழுப்பாக, வறண்டு, ஒரு சொட்டு வார்னிஷ்கூடப் படாமல் இருந்தது. தடவினேன். விரலில் மாவு ஒட்டியது.

என் பணி ஓய்வு விழாவைப் பற்றிச் சென்ற வாரம் இந்தத் தொடரில் நீட்டி முழக்கியிருந்தேன். அன்று கழுத்தில் விழுந்த சந்தன மாலை தராத சந்தோஷத்தை அந்தப் பூசாத பலகை தந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

தாம்பரம் அப்பா

இந்தத் தொடரை முதல் தடவையாகக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவு ஆசிரியராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. மனைவி விஜயா. ஒரே மகள் ரேவதி. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், முடிச்சூரில் கொடுத்திருக்கிறோம்.

ரேவதி கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு, படங்களுக்கு மரச் சட்டம் போடும் தொழில் செய்யப் போகிறேன் என்றாள். "ஒரு வருஷம் பார்க்கிறேன். வரலைன்னா பழையபடி லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுப் போயிடறேன்" என்று எல்லோரிடமும் சொல்லி வாங்கிக்கொண்ட ஒரு வருடம் அது. கம்பெனியிலும் அதுவரை கதவைத் திறந்தே வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மரவேலை! என் பெண் மரவேலை செய்யப் போகிறாள்! முதலில் அவளுக்கு ஒரு மேஜை வேண்டும். என்னைத்தான் கூப்பிடப் போகிறாள் என்று இழைப்புளியைத் தீட்டி வைத்தேன். காகிதத்தில் மூன்று விதமாக வரைந்தும் வைத்தேன். போன் வரவில்லை. நானாகப் போய்க் கேட்கவும் மனம் வரவில்லை. கேட்கட்டுமே என்று இருந்தேன்.

ஒரு நாள் காலையில் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. புத்தம் புது மேஜை. கீழே, "அப்பா செஞ்சு கொடுத்த டேபிள்!" என்று எழுதி, நாலு இதயம் போட்டிருந்தாள்.

விஜயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "எப்போங்க செஞ்சீங்க? சொல்லவே இல்லையே?" என்றாள். அப்புறம் படத்தின் ஓரத்தில் பிரஷ்ஷோடு நின்ற சம்பந்தியைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள்.

கல்யாணமான புதிதில் ரேவதி அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள். எப்போது அது அப்பாவாக மாறியது என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் குழப்பம் வராமல் இருக்க, என்னைத் தாம்பரம் அப்பா என்று சொல்கிறார்களாம். அவர் வெறும் அப்பா. நான் ஊர் பேர் சேர்த்துச் சொல்ல வேண்டிய அப்பா.

தணிகாசலம் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆணி அடிக்கச் சொன்னால் சுவரைப் பார்த்துக் கும்பிடு போடுகிற மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். அதுவும் என் கடையில் போய்ப் பலகை வாங்கியிருக்கிறார். மேற்குத் தாம்பரத்தில் நான் வருடக்கணக்காகப் போகிற பிளைவுட் கடை பாய், என்னைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் சொன்னார்.

"இன்னா சார், உங்க சம்பந்தி வந்தாரே! ஒரு மணி நேரம் நின்னுகினு கேள்வி மேல கேள்வி. நோட்டு போட்டு எழுதிகினாரு சார். இந்த வயசுல இன்னா ஆர்வம்!"

முப்பது வருடம் அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். என் ஆர்வத்தைப் பற்றி பாய் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

தண்ணீர் வித்தை

ஆடிப்பெருக்குக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை எல்லாம் முடிந்ததும், "வாங்க சம்பந்தி, நீங்க பார்த்துச் சொல்லணும்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அது கீழ்த்தளத்து முன்னறை. அந்த வீட்டில் கீழ்த்தளம் பெருவெள்ளத்தில் ஜன்னல் உயரத்துக்கு மூழ்கியது. அதற்கப்புறம் எல்லோரும் மாடியிலேயே குடியிருக்கிறார்கள். கீழே எத்தனை தடவை வெள்ளையடித்தாலும், முழங்கால் உயரத்துக்குச் சுவரில் மறுபடி உப்புப் பூத்துவிடும். தரையில் வெறும் காலை வைத்தால் ஆடி மாதத்திலேயே சில்லென்று இருக்கும்.

அந்தத் தரையின்மேல் இரும்புக் கால், அதன்மேல் எம்.டி.எஃப் பலகை. மரத்தை நார்நாராக அரைத்துப் பசை சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்கிற பலகை அது. முடிச்சு கிடையாது, விரிசல் கிடையாது, தட்டையென்றால் அப்படி ஒரு தட்டை. சட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். அதற்கு ஒரே ஒரு எதிரி, ஈரம். தண்ணீர் ஏறினால் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பும். உப்பினது முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது.

"ஈரம் ஆகாதுன்னு படிச்சேன் சம்பந்தி. அதான் ஓரத்துக்கு மட்டும் வெள்ளைப் பசையைத் தண்ணியில கரைச்சு ரெண்டு கை கொடுத்தேன். அப்புறம் உப்புத்தாள். அப்புறம் வார்னிஷ், ஒண்ணு காய்ஞ்சு ஒண்ணு, நாலு கோட்டு" என்று ஒப்பித்தார்.

ஓரங்கள்தான் அதிகம் குடிக்கும் என்பது சரி. பசை பூசியதும் சரி. கோட்டுக்கு நடுவே தேய்த்ததும் சரி. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் அவர் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து மேஜையின்மேல் ஊற்றினார். நான் பதறிப் போனேன். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, ஓடி, முன் ஓரத்தில் வழிந்து சொட்டியது. பலகையில் ஒரு கறை இல்லை.

"எப்படி?" என்றார், குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு.

"அப்பா யார் வந்தாலும் இதைச் செஞ்சு காட்டிடுவாருப்பா. பால்காரரைக்கூட விடல" என்று ரேவதி சிரித்தாள். அவரைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் என் பேனா உருண்டது.

ஆறு பக்கம்

வகுப்பில் முதல் வாரமே நான் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. பலகைக்கு ஆறு பக்கம். மேல், கீழ், நாலு ஓரம். எதைப் பூசினாலும் ஆறுக்கும் பூசு, ஒரே கணக்கில் பூசு. ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு இன்னொரு பக்கத்தைத் திறந்து வைத்தால், திறந்த பக்கம் ஈரத்தைக் குடித்து விரியும், அடைத்த பக்கம் அப்படியே நிற்கும். பலகை வளையாமல் என்ன செய்யும்? இதையே வருடா வருடம் கத்தியதில் பையன்கள் எனக்கு ஆறுமுகம் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். என் நிஜப் பெயர் பல பேருக்குத் தெரியாது.

ஒரு தடவை பரிசோதனைக்காக இரண்டு துண்டுப் பலகைகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். ஒன்று ஆறு பக்கமும் பூசியது, மற்றது ஐந்து பக்கம் மட்டும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் இரண்டாவது பலகையை மேஜையில் வைத்துச் சுண்டினால் ராட்டினமாகச் சுற்றியது. பையன்கள் அதை வைத்து ஒரு வாரம் விளையாடினார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான் அன்று என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சம்பந்தி, அடியிலயும் ரெண்டு கோட்டு அடிச்சிடுங்க." ஒரே ஒரு வரி. அவர் அன்று சாயங்காலமே பிரஷ்ஷை எடுத்திருப்பார்.

நான் சொல்லவில்லை. எழுந்து, சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு, "பிரமாதம்" என்றேன்.

நம் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண்ணைக் கொடுத்தவன், கொடுத்த வீட்டில் போய் உப்பு கம்மி, சுவர் கோணல் என்று குறை பேசக் கூடாது. பேசினால் அது பெண் தலையில் விடியும். அந்த முறையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். மரியாதை, மரியாதை என்று.

மரியாதையாவது, ஒன்றாவது. அந்தப் பலகை வளைய வேண்டும். அவள் எனக்குப் போன் செய்ய வேண்டும். "அப்பா, நீங்க வந்து பாருங்க" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இன்னொரு தடவை காட்டுங்க

இதோடு விட்டிருந்தால்கூட என்னைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

ஆயுத பூஜைக்குச் சம்பந்தி கூப்பிட்டார். "நீங்க வாத்தியார். புது மேஜைக்கு நீங்கதான் பொட்டு வைக்கணும்" என்றார். ரேவதி, ஒட்டிய சட்டத்தை இறுக்கிப் பிடிக்க, பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய இரும்புக் கிளாம்புகள் வாங்கி, துரு தேய்த்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். அவற்றுக்கும் மேஜைக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே காட்டினேன்.

பூஜைக்கு அக்கம்பக்கத்தில் இருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நான் சத்தமாகச் சொன்னேன். "சம்பந்தி, அந்தத் தண்ணி வித்தையை எல்லாருக்கும் காட்டுங்க!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. டம்ளர் வந்தது. தண்ணீர் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். முன் ஓரத்தில் வழிந்த தண்ணீர் முழுவதும் தரையில் சொட்டவில்லை. கொஞ்சம் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வளைந்து, பூசாத அடிப்பக்கத்துக்குள் போனது. அதை நான் ஒருவன்தான் பார்த்தேன்.

"இன்னொரு தடவை காட்டுங்க. பின்னாடி நிக்கறவங்க பார்க்கல" என்றேன்.

காட்டினார்.

மழை எப்படி?

அப்புறம் மழை பிடித்தது. நான் தினமும் காலையில் முடிச்சூருக்குப் போன் செய்ய ஆரம்பித்தேன். மாதக்கணக்கில் நானாகப் போன் செய்யாதவன்.

"மழை எப்படிம்மா? கீழ் ரூம்ல ஓதம் இருக்கா?"

"இருக்குப்பா. சுவரெல்லாம் வேர்க்குது. நீங்க பத்திரமா இருங்க."

போனை வைத்ததும் விஜயா கேட்டாள். "ஊரெல்லாம் மழை நிக்கணும்னு வேண்டிக்குது. உங்களுக்கு மட்டும் முகம் இப்படிப் பளிச்சுனு இருக்கே, ஏன்?"

நாற்பது வருடமாக என்னோடு இருப்பவள். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் ரேவதிக்கு முதல் பெரிய ஆர்டர் வந்திருந்தது. பொழிச்சலூரில் ஒரு மழலையர் பள்ளி. பிள்ளைகள் வரைந்த படங்களைச் சட்டம் போட்டு, கண்காட்சி வைக்கிறார்கள். அறுபது சட்டம். அதைச் செய்து கொடுத்துவிட்டால் தொழில் காலூன்றிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டு வாங்கிய ஒரு வருடமும் ஏறக்குறைய முடிந்துகொண்டிருந்தது.

கார்த்திகை பிறந்து சில நாள் இருக்கும். நான் செய்வதற்கு முன்னால் அவளே போன் செய்தாள். எடுக்கும்போதே, எதிர்பார்த்தது வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்பா, நான் கம்பெனிக்கே போயிடறேன்" என்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

"இருபது பிரேம் முடிச்சேன். ஒண்ணுகூடத் தட்டையா உட்காரல. கீழே வெச்சா ஏதாவது ஒரு மூலை தூக்கிக்குது. சுவத்துல மாட்டினா ஆடுது. பிரிச்சுத் திரும்ப ஒட்டினேன். திரும்பவும் அதேதான்." எதையோ பெட்டியில் போடும் சத்தம் கேட்டது. "நீங்க அப்பவே சொன்னீங்க. நீங்க சொன்னது சரிதான்ப்பா."

"நான் என்ன சொன்னேன்?"

"உனக்குக் கை வராதுன்னு."

எனக்கு எதுவும் நினைவில்லை. அவள் சொன்னாள். ஏழாவது படித்தாளாம். அரைப் பரீட்சை லீவாம். எங்கள் வீட்டுப் பின்புறம் நான் வேலை செய்கிற கொட்டகையில், நான் இல்லாத நேரத்தில் உளியை எடுத்துத் தேக்குத் துண்டில் ஒரு பள்ளம் தோண்டப் பார்த்திருக்கிறாள். மரம் பிளந்துவிட்டது. நான் வந்து பார்த்துவிட்டு, "உனக்குக் கை வராது, போய்ப் படிக்கிற வழியைப் பாரு" என்று உளியைப் பிடுங்கினேனாம். எந்த உளி என்றுகூடச் சொன்னாள். மஞ்சள் பிடி போட்டது. அந்த உளியை எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொன்னது ஞாபகம் இல்லை.

மேஜை செய்துகொடு என்று அவள் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது.

நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒரு மாதிரி கிடைத்துவிட்டது. பலகை வளைந்துவிட்டது. நீங்கள் சொன்னதுதான் சரி என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். அவள் மேஜையைச் சந்தேகப்படவில்லை. தன் கையைச் சந்தேகப்பட்டாள். நான் நினைத்துக்கூடப் பார்க்காதது அது.

மூன்றடி ஸ்கேல்

மழையோடு மழையாகக் கிளம்பினேன். கையில் மூன்றடி ஸ்டீல் ஸ்கேல். ஷேர் ஆட்டோக்காரர் பாதி வழியில் நிறுத்திவிட்டார். "உள்ளாற போவாது சார், தண்ணி நின்னுகினு கீது. இங்கயே எறங்கிக்க." முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கீழ் அறையில் சட்டங்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ரேவதி கிளாம்புகளைத் துடைத்து ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தி ஒன்றும் செய்யத் தெரியாமல் பக்கத்தில் நின்றிருந்தார்.

நான் ஸ்கேலை மேஜைமேல் குறுக்காக, விளிம்பில் நிறுத்தி வைத்தேன். "குனிஞ்சு பாருங்க" என்றேன். ஸ்கேலின் இரண்டு முனைகளும் பலகையைத் தொட்டன. நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மேஜை தாம்பாளம் மாதிரி குழிந்திருந்தது. முன் ஓரத்தின் அடிப்பக்கம் உப்பி, ஓரத்து வார்னிஷ் பெயர்ந்திருந்தது. குழிந்த மேஜையில் வைத்து ஒட்டினால் எந்தச் சட்டமும் முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும்.

"அடியில பூசல சம்பந்தி. அது ஈரத்தைக் குடிச்சிடுச்சு" என்றேன்.

சம்பந்தி குனிந்து அடியில் கையை விட்டுத் தடவினார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "என் தப்புமா. நான் செஞ்ச தப்புக்கு நீ தினமும் உன்னையே திட்டிக்கிட்டு இருந்தியே" என்று ரேவதியிடம் கையைக் குவித்துவிட்டார். "கண்ணுக்குத் தெரியற பக்கத்தை மட்டும் பார்த்துட்டேன்மா."

இத்தோடு நான் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

ஆனால் ரேவதியின் முகம் தெளியவில்லை. "பரவாயில்லப்பா, விடுங்க" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள். "நீங்க வந்து அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டீங்க. நான் நாள் பூரா இது மேலயே வேலை செய்யறேன், எனக்குத் தெரியல. அதைத்தான் நானும் சொல்றேன். இதுக்கெல்லாம் ஒரு கை வேணும். எனக்கு அது இல்ல" என்றாள். மறுபடி கிளாம்பைப் பெட்டியில் போட்டாள்.

அந்த இரும்புச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை.

"நான் அரை நிமிஷத்துல கண்டுபிடிக்கலம்மா" என்றேன். "ஆடிப்பெருக்கு அன்னிக்கே பார்த்துட்டேன். பேனா விழுந்துடுச்சுன்னு அடியில படுத்தேனே, அப்பவே."

அவள் கை நின்றது.

"ஆயுத பூஜைக்கு வந்தப்போ?"

"தெரியும்."

"தண்ணி ஊத்திக் காட்டுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? ரெண்டு தடவை?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"ஏன்ப்பா?"

முப்பது வருடம் வகுப்பெடுத்த வாயால் உள்ளதைச் சொன்னேன். "பொறாமைம்மா. நீ என்னைக் கேக்கல. இவரை அப்பான்னு கூப்பிட்டே. எனக்குப் பொறுக்கல."

சம்பந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானப்படுத்தப்பட்டவர் அவர், ஆனால் அவர் முகம் சிவந்தது எனக்காக வெட்கப்பட்டுத்தான் என்று பட்டது. அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

ரேவதி கத்தவில்லை. "இவர் தெரியாம விட்டார். நீங்க தெரிஞ்சு விட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். ஒரு சட்டத்தைப் பிரித்து, மூலைமட்டத்தை எடுத்து, வெட்டிய முனைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். எல்லாம் அளவெடுத்தது போல் இருந்தன. அந்த நாலு துண்டுகளையும் பசை டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மொட்டை மாடியிலிருந்து

மறுநாள் காலையில் சம்பந்தி போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது. மொட்டை மாடியில் இருந்து பேசினார்.

"ரேவதி சமையல் மேடை கிரானைட் மேல வெச்சு ஒட்டினா சம்பந்தி. தட்டையா உட்கார்ந்துடுச்சு. காகிதம்கூட உள்ள போகல. கம்பெனிக்குப் போகலைன்னு சொல்லிட்டா."

அறுபது சட்டமும் அந்தச் சமையல் மேடையில்தான் முடிந்தது. சம்பந்தி அம்மா இரண்டு வாரம் தரையில் அடுப்பு வைத்துச் சமைத்தாராம்.

புதுப் பலகை வாங்கினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. சம்பந்திதான் மறுபடி போனோடு மொட்டை மாடி ஏறினார். "எத்தனை கோட்டு, எப்படி, விவரமா சொல்லுங்க. எழுதிக்கறேன்." சொன்னேன். முதல் கோட்டை நீர்க்க அடித்து உள்ளே இறங்க விட வேண்டும். ஓரத்துக்குப் பசை, உப்புத்தாள், மறுபடி பசை. ஆணித் துளைகளுக்குள்ளும் பிரஷ்ஷை விட வேண்டும். மேலே எத்தனையோ கீழேயும் அத்தனை. கடைசிக் கோட்டுக்கு அப்புறம் ஒரு வாரம் யாரும் அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது.

"நீங்க சொன்னதா அவகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம். நான் சொன்னேன்னு தெரிஞ்சா செய்ய மாட்டா" என்றேன்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ரேவதிக்கு ஒரு சந்தேகம் வந்தால் அவரைக் கேட்கிறாள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று மாடிக்குப் போய் எனக்குப் போன் செய்கிறார். நான் சொல்வதை இறங்கிப் போய்ச் சொல்கிறார். என்னோடு அவள் பேசாமல் இல்லை. பண்டிகைக்கு வருகிறாள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். மரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்த வாரப் பத்திரிகையை அவள் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுவதாகச் சம்பந்தி சொல்லியிருக்கிறார். அந்த உதவிக்கும் அவரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

போன வாரம் பேசி முடித்ததும், போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். எனக்குப் படியிறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல்.

"யோசிச்சீங்களாப்பா?"

"யோசிச்சேன்மா. வெட்டின முனை பசையை உறிஞ்சிடும். அதனால முதல்ல லேசா ஒரு தடவை தடவி, கொஞ்ச நேரம் விடு. அப்புறம் இன்னொரு தடவை தடவி ஒட்டு. பிடிச்சுக்கும்."

என் வார்த்தைகள். வரிசைகூட மாறவில்லை.

"சூப்பர்ப்பா! எப்படிப்பா உங்களுக்கு இதெல்லாம் தோணுது?"

சம்பந்தி இருமினார்.

அந்த சூப்பர்ப்பா எனக்கு வர வேண்டியது. இன்றைக்கும் அந்த நல்ல மனிதர்மேல் எனக்குப் பொறாமைதான், கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் வர ஆரம்பித்தது. அவசரமில்லாமல், மரத்தின் போக்கிலேயே, ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விட்டால் அங்கே கேட்டுவிடுமோ என்று நான் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பிடக் கூப்பிட வந்த விஜயா, வாசலில் நின்று பார்த்தாள். "யார்கிட்ட பேசறீங்க?" என்றாள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பேசல. கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.